கேம் பாய் அட்வான்ஸுக்கு நிரல் எழுத நான் டெபியனில் நிற்பது ஏன்

பழைய விளையாட்டுக் கருவிகளுக்கு நிரல் எழுதிப் பழக வேண்டும், எந்த லினக்ஸை நிறுவலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கருவிக்கு? அதற்குப் பதில் இல்லாமல் டெபியனா, ஆர்ச்சா, ஃபெடோராவா என்று லினக்ஸின் வழங்கல்களை (தொகுத்து வெளியிடப்படும் வெவ்வேறு வடிவங்களை) வைத்து மணிக்கணக்கில் பேசிப் பயனில்லை. கருவி முடிவானால் அதற்கான கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், எங்கே கிடைக்கும் என்பது முடிவாகிவிடும். கம்பைலர் கிடைக்கும் இடம் தெரிந்துவிட்டால் லினக்ஸ் வழங்கல் பாதி முடிவான மாதிரிதான். மீதி, அவரவர் இணைய வசதியையும் பொறுமையையும் பொறுத்தது.

என் கருவி நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ். 2001-இல் வெளிவந்தது. இரண்டு பென்சில் பேட்டரிகளில் ஓடும். உள்ளே 16.78 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஆர்ம்7 செயலி, 256 கிலோபைட் பொது நினைவகம், செயலிக்கு உள்ளேயே 32 கிலோபைட் வேக நினைவகம், 96 கிலோபைட் திரை நினைவகம். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய உறவினர் ஒருவர் தன் பிள்ளைகள் விளையாடி முடித்ததைக் கொடுத்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இரவுப் பணி இல்லாத நாட்களில் இந்தக் கருவிக்கு ஒரு பல்லாங்குழி எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு குழிகள், எதிராளியாகக் கருவியே ஆடும். காய்கள் ஒவ்வொன்றாகக் குழியில் விழும்போது சோழி உருளும் ஓசை வர வேண்டும் என்பது என் ஆசை.

இந்தக் கருவிக்கு நிரல் எழுதுவது எப்படி இருக்கும் என்பதை ஒரு புள்ளியை வைத்தே காட்டிவிடலாம். திரையின் அகலம் 240 புள்ளிகள், உயரம் 160. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வேண்டும். முதலில் திரைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் 1027 என்ற எண்ணை எழுத வேண்டும். அதில் 3 என்பது மூன்றாம் வரைகலை முறை; மிச்சமுள்ள 1024 என்பது இரண்டாம் பின்னணி அடுக்கை இயக்கும் பிட். பிறகு இடத்தைக் கணக்கிட வேண்டும். மேலிருந்து 80 வரிசைகளையும் இடமிருந்து 120 புள்ளிகளையும் கடக்க வேண்டும் என்பதால், 80-ஐ 240-ஆல் பெருக்கி 120-ஐக் கூட்டினால் 19,320. திரை நினைவகத்தில் அந்த இடத்தில் 31 என்று எழுதினால் சிவப்பு எரியும். 992 எழுதினால் பச்சை, 31,744 எழுதினால் நீலம். ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் ஐந்து பிட், மொத்தம் 32,768 நிறங்கள். முழுத்திரைக்கு 76,800 பைட்டுகள் போய்விடுவதால், இந்த முறையில் மறைவில் இன்னொரு திரையை வரைந்து வைத்துக்கொண்டு மாற்றிப் போட இடம் இருக்காது.

நிரலுக்கும் திரைக்கும் நடுவே இயங்குதளம் இல்லை, டிரைவர் இல்லை. எழுதிய எண் எழுதிய இடத்தில் போய் உட்காருகிறது. இந்த நேரடித் தன்மைக்காகத்தான் இத்தனை ஆண்டுகளாக இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆலையில் நான் தொடும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில்கூட இவ்வளவு வெளிப்படையாக எதுவும் இல்லை.

ஆகவே, நம் மேசையில் இருக்கும் லினக்ஸுக்கு இதில் உள்ள வேலை சிறியது. சி மொழியில் எழுதியதை ஆர்ம்7 புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்ற வேண்டும். அவற்றை உரிய முகவரிகளில் அடுக்க வேண்டும். கோப்பின் தலைப்பில் இருக்க வேண்டிய 192 பைட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். அதில் 156 பைட்டுகள் நிண்டெண்டோவின் சின்னம், அது பிசகினால் உண்மையான கருவி நிரலைத் தொடங்காது. படங்களையும் ஒலிகளையும் கருவிக்கேற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கருவியைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கருவிக்கு அனுப்ப வேண்டும். மேசைத்தளத்தின் அழகு, ஐகான்கள், சாளர விளிம்பின் வளைவு எல்லாம் இந்த வேலைக்கு வெளியே. வழங்கல்களை ஒப்பிட்டு எழுதுபவர்கள் பக்கம் பக்கமாக அவற்றைத்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கேம் பாய் அட்வான்ஸுக்கான கம்பைலரைப் பெற இன்று மூன்று நல்ல வழிகள் உள்ளன. நீண்ட காலமாக எல்லோரும் போகும் வழி டெவ்கிட்ப்ரோ. இவர்கள் ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் என்ற தொகுப்பு மேலாளரையே தங்கள் கருவிகளை வழங்கவும் பயன்படுத்துகிறார்கள். ஆர்ச் வைத்திருப்பவர் அவர்களுடைய களஞ்சியத்தையும் சாவியையும் தன் பேக்மேன் அமைப்பில் சேர்த்தால் போதும். டெபியன், உபுண்டு வைத்திருப்பவர் அவர்கள் தரும் நிறுவல் நிரலை ஓட்டினால், தனியாக ஒரு பேக்மேன் வந்து அமர்ந்துகொள்ளும்; கணினியின் சொந்தத் தொகுப்புகளை அது தொடாது. எல்லாம் ஒரே கோப்புறைக்குள் அடங்கியிருக்கும். நூலகம், நிரல் துண்டுகளை இணைத்து முகவரிகளில் அடுக்கும் லிங்கருக்கான வரைபடம், தலைப்பைச் சரிசெய்யும் கருவி எல்லாமே சேர்ந்து வருவதால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது வழி, வழங்கலின் களஞ்சியத்திலேயே இருக்கும் பொதுவான ஆர்ம் கம்பைலர். டெபியன், ஆர்ச், ஃபெடோரா மூன்றிலும் உண்டு. மைக்ரோகண்ட்ரோலர் வேலைக்காக வைத்திருக்கிறார்கள், ஆனால் நம் பழைய செயலிக்கும் அது கட்டளை உருவாக்கித் தரும். தொடக்க நிரலையும் லிங்கர் வரைபடத்தையும் நாமே கொண்டுவர வேண்டும். கருவியின் உள்ளமைப்பு ஓரளவு பிடிபட்டவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். மூன்றாவது, வொண்டர்ஃபுல் என்ற பெயரில் வரும் கருவித்தொகுப்பு. இது மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்தின் மேல் கட்டப்பட்டது, அந்த நூலகத்தையும் கூடவே எடுத்து வருகிறது. எந்த வழங்கலில் வைத்தாலும் அதன் நூலகப் பதிப்பைப் பற்றிக் கவலையில்லாமல் ஓடும். நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு நிரல் எழுத உதவும் பிளாக்ஸ்டிஎஸ் என்ற தொகுப்பு இதன் வழியாகத்தான் கிடைக்கிறது.

இனி, நான் ஏன் டெபியனில் நிற்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

கேம் பாய் அட்வான்ஸ் 2001-க்குப் பிறகு ஒரு பிட் கூட மாறவில்லை. இனியும் மாறாது. ஆனால் அதற்குக் கட்டளை உருவாக்கும் ஜிசிசி என்ற கம்பைலருக்கு ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொரு பதிப்பும் பழைய நிரல்களிடம் புதிய ஒழுங்கை எதிர்பார்க்கிறது. 2020-இல் வந்த ஜிசிசி 10, ஒரே பொது மாறியைப் பல கோப்புகளில் அறிவிப்பதைச் சகித்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை இயல்பு நிலையில் நிறுத்தியது. தலைப்புக் கோப்பிலேயே மாறிகளை எழுதிவைத்த பழைய பொழுதுபோக்கு நிரல்கள் பல அன்று முதல் லிங்கரில் நின்றன. 2024-இல் ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூறை அழைப்பதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. 2025-இல் ஜிசிசி 15, இயல்புத் தரத்தை சி23-க்கு மாற்றியது. சி23-இல் வெறும் அடைப்புக்குறி என்றால் எந்த உள்ளீடும் ஏற்காத செயற்கூறு என்று பொருள். ‘பூல்’ என்பது மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டதால், அதே பெயரில் தனக்கென ஒரு வகையை வரையறுத்துக்கொண்ட நிரல்கள் எல்லாம் பிழை காட்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கேம் பாய் அட்வான்ஸ் நிரல்களில் அந்த வரையறை இல்லாத கோப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கம்பைலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நிரல்கள் திருத்தப்பட வேண்டியவைதான். ஆனால் எந்த நாளில் திருத்துவது என்பதை நான் முடிவுசெய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, சோழி ஓசையைச் சரிசெய்ய உட்காருகிறேன் என்றால், அந்த இரண்டு மணி நேரமும் சோழி ஓசைக்கே போக வேண்டும். டெபியன் 12-இல் வரும் ஆர்ம் கம்பைலர் ஜிசிசியின் 12-ஆம் பதிப்பு. அந்த டெபியன் இருக்கும்வரை அது அதே 12-ஆகவே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 2023 ஜூனில் வெளியான அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு.

என் அக்கா மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். அவனும் என்னோடு இந்தப் பல்லாங்குழியில் வேலை செய்கிறான்; காய்களை நகர்த்தும் அசைவெல்லாம் அவன் எழுதியது. அவனிடம் இருப்பது ஆர்ச். “மாமா, என் கணினியில் எல்லாமே புதிதாக இருக்கிறது, உங்களுடையதில் மட்டும் ஏன் எல்லாம் பழையதாகவே இருக்கிறது?” என்று அடிக்கடி கேட்பான். கல்லூரி விடுதியில் நல்ல இணையம் இருக்கிறது. எனக்குக் கைப்பேசி வழியே வரும் நாளொன்றுக்கு 1.5 ஜிபிதான். ஆர்ச்சில் சில வாரம் புதுப்பிக்காமல் விட்டுப் பிறகு புதுப்பித்தால் என் ஒரு நாள் பங்கு அதற்கே சரியாகிவிடும். டெபியனில் ஒரு மாதத்துக்கான திருத்தங்கள் பெரும்பாலும் அதில் ஒரு பகுதிக்குள் முடிந்துவிடும். நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளமும் எமுலேட்டரும் மூச்சு வாங்காமல் ஓடுகின்றன.

அவன் ஒரு முறை தன் கணினியின் கம்பைலரைப் புதுப்பித்த பிறகு விளையாட்டைக் கட்டியபோது லிங்கர் நின்றுவிட்டது. வேக நினைவகம் நிரம்பி வழிகிறது என்று செய்தி. அதே மூல நிரல் என் கணினியில் சரியாகக் கட்டப்பட்டது. காரணம் இதுதான். கார்ட்ரிட்ஜிலிருந்து கட்டளைகளைப் படிக்கும் பாதை 16 பிட் அகலம். செயலிக்குள் இருக்கும் 32 கிலோபைட் வேக நினைவகத்துக்கு 32 பிட் பாதை. எதிராளி அடுத்த நகர்வைத் தேடும் செயற்கூறு கார்ட்ரிட்ஜில் இருந்தால் ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் அதை வேக நினைவகத்தில் வைத்திருக்கிறோம். ஒலிக்கலவையும் பொது மாறிகளும் அங்கேதான் குடியிருக்கின்றன, செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் அடுக்கமும் (stack) மேலிருந்து இறங்கி வரும். மிச்சம் இருந்த இடம் மிகச் சொற்பம். புதிய கம்பைலர் சிறு செயற்கூறுகளை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதுவதில் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தது. வேகம் கூடியிருக்கலாம், ஆனால் அளவும் கூடிவிட்டது. மேசைக் கணினியில் யாரும் கவனிக்காத வேறுபாடு. 32 கிலோபைட்டில் அதுவே எல்லாம்.

அவன் ஆர்ச்சை விடவில்லை, விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. டெவ்கிட்ப்ரோ தன் கம்பைலரைக் கொள்கலன் படிமங்களாகவும் (தேவையானவை எல்லாம் உள்ளே அடங்கிய, தனியே ஓடும் பெட்டிகளாகவும்) வெளியிடுகிறது. ஒவ்வொரு படிமத்துக்கும் அது வெளியான தேதியே அடையாளம். ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, கொள்கலன்களை இயக்கும் பாட்மேனில் இறக்கிக்கொண்டு, நிரலைக் கட்டுவதை அதற்குள் மட்டும் செய்கிறான். வெளியே அவன் ஆர்ச் தினமும் புதுப்பித்துக்கொள்ளட்டும், உள்ளே இருக்கும் கம்பைலர் அசையாது. எந்தத் தேதி என்பதை மூல நிரலோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம். ஆர்ச் போல ஓயாமல் புதுப்பிக்கப்படும் சுழல் வெளியீட்டு வழங்கலை விரும்புபவர்களுக்கு இதைத்தான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

டெபியனுக்கும் விலை உண்டு. முன்கூட்டியே கட்டி வெளியிடப்படும் கருவிகள் புதிய உபுண்டுவில் கட்டப்பட்டிருந்தால், அவை கேட்கும் ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் ஓட அடிப்படையான சி நூலகம்) பதிப்பு டெபியனில் இருக்காது. டெபியன் 12-இல் இருப்பது 2.36, உபுண்டு 24.04-இல் 2.39. அங்கே கட்டிய நிரல் இங்கே ஓடும் என்ற உறுதி இல்லை. மூல நிரலை எடுத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது தேவையான நூலகங்களோடு சேர்ந்து வரும் ஆப்இமேஜாகவோ ஃபிளாட்பாக்காகவோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்ஜிபிஏ எமுலேட்டரின் புதிய பதிப்பை நான் ஆப்இமேஜாகத்தான் வைத்திருக்கிறேன். எம்ஜிபிஏவை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியோடு இணைத்து நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கலாம். டெபியனில் அதற்குப் பல செயலிகளையும் புரிந்துகொள்ளும் ஜிடிபி தொகுப்பு தனியாக இருக்கிறது, அதை நிறுவ மறக்க வேண்டாம். கணினியின் இயல்பான ஜிடிபிக்கு ஆர்ம் தெரியாது.

எமுலேட்டரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. மேசைத்தளத்தில் 125 சதவீதம், 150 சதவீதம் என்று பின்ன அளவில் பெரிதாக்கி வைத்திருந்தால் புள்ளிகளின் விளிம்பு மங்கிப்போகும். நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்த காயின் நிழல் சேறாகத் தெரியும். நான்கு மடங்கு, அதாவது 960-க்கு 640, என்று முழு எண்ணில் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

வழங்கல்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு தெரிவது கருவியைக் கேபிளில் இணைக்கும்போதுதான். கேம் பாய் அட்வான்ஸில் கார்ட்ரிட்ஜ் இல்லாமலேயே இணைப்புக் கேபிள் வழியாக 256 கிலோபைட் வரை நிரலை அனுப்பி ஓட்டலாம். கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு இயக்கினால் கருவி சின்னத்தைக் காட்டிவிட்டு நிரலுக்காகக் காத்திருக்கும். நான் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகையை நடுவில் வைத்து அனுப்புகிறேன், இரண்டுமே 3.3 வோல்ட் என்பதால் மின்னழுத்தத்தை மாற்ற வேண்டியதில்லை. இந்தப் பலகை லினக்ஸில் தொடர் முனையமாக (serial port) தோன்றும், ஆனால் சாதாரணப் பயனருக்கு அதில் எழுத அனுமதி இருக்காது. டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் ‘டயல்அவுட்’ என்ற குழுவில் உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்ச்சில் அதே வேலைக்கான குழுவின் பெயர் ‘யுயுசிபி’. சேர்த்த பிறகு வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பிக்கோவுக்குப் பதில் சிஎச்340 சில்லு உள்ள மலிவான பலகையைப் பயன்படுத்துபவர்கள் உபுண்டு 22.04-இல் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரெய்லி திரைகளுக்கான ஒரு சேவை அந்தச் சில்லைப் பிரெய்லி திரை என்று எண்ணித் தன்வசம் எடுத்துக்கொள்ளும், முனையம் தோன்றி மறைந்துவிடும். இரண்டும் ஒரே அடையாள எண்ணைப் பகிர்ந்துகொள்வதே காரணம். பார்வையற்றோருக்குத் தேவையான சேவை அது. கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துகிறவர்கள் அதை நீக்காமல் அந்த ஒரு அடையாள எண்ணுக்கான விதியை மட்டும் மாற்றலாம்.

வேறு கருவிகளை விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக. பழைய கேம் பாய்க்கு அசெம்பிளியில் எழுத ஆர்ஜிபிடிஎஸ், சி மொழியில் எழுத ஜிபிடிகே. இரண்டும் சிறியவை, எந்த வழங்கலிலும் வைத்துக்கொள்ளலாம். ஆர்ஜிபிடிஎஸ்ஸில் மட்டும் எந்தப் பதிப்பில் எழுதினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். 6502 வகைச் செயலி கொண்ட என்இஎஸ்ஸுக்கான சிசி65 டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. நிண்டெண்டோ 64-க்கான லிப்டிராகன் தன் கம்பைலரை டெபியன் வகைத் தொகுப்பாகவும் ஃபெடோரா வகைத் தொகுப்பாகவும் தருகிறது, அதனால் அந்த இரு குடும்பங்களில் ஒன்றில் இருப்பது வசதி. ட்ரீம்காஸ்ட்டுக்கான காலிஸ்டிஓஎஸ்ஸில் கம்பைலரையே மூலத்திலிருந்து கட்டுவதுதான் வழக்கம். என் மடிக்கணினி போன்றதில் அது ஓர் இரவு வேலை.

முதல் முறை லினக்ஸுக்கு வருகிறவர் அல்பைனையோ நிக்ஸ்ஓஎஸ்ஸையோ இதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அல்பைனில் ஜிலிப்சி இல்லை. நிக்ஸ்ஓஎஸ்ஸில் நூலகங்கள் வழக்கமான இடத்தில் இல்லை. இரண்டிலுமே இணையத்திலிருந்து இறக்கிய கருவிகள் பல அப்படியே ஓடாது. நிக்ஸ் நன்றாகத் தெரிந்தவருக்கு நிலைமை வேறு: ஒவ்வொரு கருவியின் பதிப்பையும் பூட்டி வைக்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறது, நான் இங்கே கேட்பதும் அதைத்தான்.

டெபியன் 13 கடந்த 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. அதில் ஆர்ம் கம்பைலர் 14. பல்லாங்குழியின் இந்தச் சுற்று முடிந்ததும் மாறுவதாக இருக்கிறேன். சி மொழியின் எந்தத் தரத்தில் எழுதினோம் என்பதை, நிரலைக் கட்டும் விதிகள் இருக்கும் மேக்ஃபைலில் இப்போதே எழுதிவிட்டேன், அதனால் பின்னால் வரும் பதிப்புகள் தாமாக வேறு தரத்துக்குத் தாவாது. இப்போதைய கம்பைலரையும் நூலகங்களையும் மூல நிரலோடு சேர்த்து வெளி வட்டில் ஒரு பிரதி எடுத்திருக்கிறேன். பழையதில் கட்டிய கோப்பையும் புதியதில் கட்டிய கோப்பையும் எமுலேட்டரில் மட்டும் பார்க்காமல் கருவியிலேயே ஓட்டி, வேக நினைவகத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று லிங்கர் அறிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் டெபியன் 12-ஐ நீக்குவேன்.